என் ரத்தம் உன்னிடம் தங்கவில்லை

நித்யா,

போன வாரம் நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் எதுவும் இல்லை. "அம்மா, உன் ரத்தத்துல இருக்கறது என் ரத்தத்துலயும் இருந்தா, இந்தக் குழந்தைக்கும் என்னை மாதிரியே ஆகுமா?" என்று கேட்டாய். நீ அழவில்லை. ஆபீஸில் யாரிடமோ விவரம் கேட்பதுபோல நிதானமாகக் கேட்டாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சின்ன வயதிலிருந்தே நீ அப்படித்தான். பயம் கூடக்கூட உன் பேச்சு நிதானமாகிக்கொண்டே போகும். பேஸ்மேக்கர் பேட்டரி மாற்றும் ஆபரேஷனுக்கு உன்னை உள்ளே கொண்டு போனபோது, ஸ்ட்ரெச்சர் தள்ளியவரிடம் உங்களுக்கு எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்துக்கொண்டே போனவள் நீ. அந்தக் கதவு மூடிய பிறகு நானும் உன் அப்பாவும்தான் அழுதோம்.

இப்போது உனக்கு நான்காம் மாதம். எலெக்ட்ரானிக் சிட்டியில் நீ பார்க்கும் டாக்டர், உனக்குப் பேஸ்மேக்கர் எதனால் வைத்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, எதற்கும் பார்த்துவிடுவோம் என்று உன் ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். அது சரியான காரியம். ரிசல்ட் வரும்வரை உனக்கும் நிம்மதி இல்லை, எனக்கும் இல்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் நான் உடைந்துவிடுவேன், உடனே நீ என்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவாய். இந்த ஒரு விஷயத்தில் நீ என்னைத் தேற்றக் கூடாது. அதனால் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் உனக்குக் கன்னடமும் இங்கிலீஷும்தான். தையல் மெஷின் பக்கத்தில் உட்காரவைத்து நான் சொல்லிக்கொடுத்த தமிழ் எழுத்து இதைப் படிக்கவாவது உதவட்டும்.

உனக்குத் தெரிந்த கதை சுருக்கமானது. பிறக்கும்போதே இதயம் மெதுவாகத் துடித்தது, அம்மாவின் ரத்தத்தில் ஏதோ கோளாறு, அதனால் பேட்டரி வைத்தார்கள். யாராவது கேட்டால் நீ இவ்வளவுதான் சொல்வாய். நானும் உன்னிடம் இதற்குமேல் சொன்னதில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. சொல்லும்படியான ஒரு நேரம் வரவில்லை, அவ்வளவுதான்.

நீ வயிற்றில் இருந்தபோது நாங்கள் ஈஜிபுராவில், மளிகைக் கடைக்கு மேலே ஒரு ரூமில் குடியிருந்தோம். அப்பா அப்போது ஆட்டோ ஓட்டினார். கம்பெனி கேப் எல்லாம் பிற்பாடு வந்தது. நான் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தேன். லைனிங் துணியும் கொக்கியும் வாங்க பஸ் ஏறி சிவாஜிநகர் போவேன். வாந்தி, மயக்கம் என்று எதுவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி, மசக்கையே தெரியாமல் பிள்ளை பெறப்போகிறாய் என்று பொறாமைப்படுவாள். காய்ச்சல் என்று நான் படுத்ததே கிடையாது. என் உடம்பு மேல் எனக்கு ஒரு கர்வம்கூட இருந்தது.

ஐந்தாம் மாதம் முடிந்த சமயத்தில் வழக்கமான செக்கப்புக்கு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸம்மா வயிற்றில் கருவியை வைத்து உன் இதயத்துடிப்பைக் கேட்டார். வைத்த இடத்திலிருந்து எடுத்து வேறு இடத்தில் வைத்தார். பிறகு மறுபடியும் முதல் இடத்தில். எனக்கும் அந்தச் சத்தம் கேட்டது. மெதுவாக, ஒவ்வொன்றாக. அதில் தவறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். ஒரு கையில் என் நாடி, இன்னொரு கையில் அந்தக் கருவி. கேட்பது என் துடிப்பா, உன் துடிப்பா என்று ஒத்துப்பார்க்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது. வயிற்றில் இருக்கும் பிள்ளையின் இதயம் தாயினுடையதைவிட வேகமாக ஓட வேண்டுமாம். உன்னுடையது என்னுடையதைவிட மெதுவாக இருந்தது. என் கையை விட்டுவிட்டு, "அப்படியே படுத்துக்கிட்டு இரும்மா, எழுந்திரிக்காதே" என்று சொல்லி டாக்டரைக் கூப்பிடப் போனார். அவர் செருப்புச் சத்தம் வேகமாகப் போவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா பொறுமையானவர். கன்னடமும் தமிழும் கலந்து, எங்களுக்குப் புரிகிறதா என்று முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசினார். இதயத்தின் மேல் அறைகள் சரியாகத்தான் துடிக்கின்றன, கீழ் அறைகளுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை, நடுவில் இருக்கும் வழி தழும்பாகிப் போயிருக்கிறது, அதனால் கீழ் அறைகள் தம் போக்கில் மெதுவாகத் துடித்துக்கொள்கின்றன என்றார். பிள்ளைக்குத்தானே கோளாறு, எனக்கு எதற்கு ரத்தப் பரிசோதனை என்று நான் கேட்டேன். கண் உறுத்துகிறதா, வாய் உலர்கிறதா, மூட்டு வலிக்கிறதா என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்க, எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். உன் அப்பா குறுக்கே புகுந்து, "இவளுக்கு ஒரு நோவும் கிடையாதும்மா" என்றார். அந்த அம்மா தலையாட்டிவிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார்.

ரிசல்ட் வந்ததும் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். எல்லோருடைய உடம்பிலும் நோய் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. வெளியிலிருந்து வரும் கிருமியை அடையாளம் கண்டு அழிக்க, அது ரத்தத்தில் ஆன்டிபாடி என்று ஒன்றை உண்டாக்குகிறது. என் உடம்பு அதில் ஒரு வகையை ஆள் தெரியாமல் உண்டாக்கி வைத்திருக்கிறது. கிருமிக்கு எதிராக இல்லை, மனித உடம்பின் அணுக்களில் இருக்கும் ஒன்றுக்கே எதிராக. அது என்னை ஒன்றும் செய்யவில்லை. நஞ்சுக்கொடி வழியாக உன்னிடம் வந்து, உன் இதயத்தில் அந்த வழி உருவாகிக்கொண்டிருந்த நேரத்தில் அதைப் புண்ணாக்கிவிட்டது. இதைக் கேட்டதும் நான், எல்லா அம்மாக்களின் ரத்தமும் இப்படிப் பிள்ளைக்குப் போகுமா என்று கேட்டேன். போகும், போகவும் வேண்டும் என்றார். பிறந்த பிள்ளைக்குச் சொந்தமாக எதிர்ப்புச் சக்தி உண்டாக மாதக்கணக்கில் ஆகும், அதுவரை அம்மா கொடுத்தனுப்பியதுதான் அதைக் காப்பாற்றுகிறது. "நல்லதும் அதே வழியாத்தாம்மா போகுது. அதோட சேர்ந்து இதுவும் போயிடுச்சு. நீ அனுப்பல" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையை எனக்காகவே சொன்னார் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அதற்குள் ஆளுக்கு ஒரு காரணம் சொல்லியிருந்தார்கள். சிவாஜிநகர் பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கிப் போனதால் என்றார்கள். கிரகணத்தன்று கத்தரிக்கோல் எடுத்ததால் என்றார்கள். திருப்பத்தூரிலிருந்து வந்த என் நாத்தனார், மெஷினை மிதித்து மிதித்தே பிள்ளையின் நெஞ்சை அதிரவைத்துவிட்டாய் என்றாள். டாக்டரம்மாவிடம் இதையெல்லாம் ஒப்பித்தேன். எதுவுமே காரணம் இல்லை என்றார். நான் நம்பினேன். ஆனால் பஸ், கிரகணம், மெஷின் எல்லாம் போன பிறகு மிச்சம் இருந்தது நான்தான். மெஷினை மிதிப்பதை நிறுத்தலாம். ரத்தத்தை எப்படி நிறுத்துவது?

நிறுத்தத்தான் பார்த்தேன். இதை உன் அப்பாவிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. சாப்பிடுவதெல்லாம் ரத்தமாகும், அந்த ரத்தம் உன்னிடம் போகும் என்று நினைத்து, சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டேன். தட்டில் போட்டதில் பாதியை மூடி வைத்துவிடுவேன். அடுத்த செக்கப்பில் என் எடை இறங்கியிருப்பதைப் பார்த்து டாக்டரம்மா என்ன என்று துருவினார். சொன்னேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "உன் ரத்தம் வேண்டாம்னா, அந்தக் குழந்தைக்கு வேற யாரும்மா குடுப்பா?" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, மத்தியானச் சோறு இருந்ததை எல்லாம் உட்கார்ந்து சாப்பிட்டேன். அழுதுகொண்டுதான் சாப்பிட்டேன், ஆனால் மிச்சம் வைக்கவில்லை.

அதன் பிறகு வாரா வாரம் ஸ்கேன். துடிப்பு இன்னும் இறங்குகிறதா, இதயத்தைச் சுற்றி நீர் கோக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் அப்பா சவாரியை விட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போவார். பின் சீட்டில் போர்வையை மடித்துப் போட்டு அதன்மேல் உட்காரச் சொல்வார். பள்ளத்துக்குப் பயந்து ஊரையே சுற்றிக்கொண்டு போவார். பின்னால் ஹாரன் அடிப்பவர்களை, போ, போ என்று கைகாட்டி முன்னால் அனுப்பிவிட்டு ஓரமாகவே ஓட்டுவார். எனக்கு ஆறுதலாக அவர் ஒரு வார்த்தை சொன்னதாக ஞாபகம் இல்லை. அவர் ஓட்டிய விதம்தான் ஞாபகம் இருக்கிறது.

நாள் முடியும் முன்பே சிசேரியன் செய்து உன்னை எடுத்தார்கள். நீ அழுதாய். அழும் என்று யாரும் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கவில்லை, அதனால் அந்த அழுகை எனக்குப் போதுமாக இருந்தது. ஆனால் துடிப்பு போதவில்லை. பிறந்த சில நாட்களிலேயே வயிற்றைக் கீறி, உன் உள்ளங்கையைவிடப் பெரிய ஒரு பெட்டியைத் தோலுக்கு அடியில் வைத்து, அதிலிருந்து கம்பியை இதயத்தில் தைத்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அப்பா, இவ்வளவூண்டு உடம்பில் எங்கே வைப்பார்கள் என்று மட்டும் கேட்டார். ஆபரேஷன் முடிந்து உன்னைப் பார்க்க விட்டபோது உன் உதடு சிவந்திருந்தது. அதுவரை நான் உன்னை நீலம் கலந்த நிறத்தில்தான் பார்த்திருந்தேன், உன் நிறமே அதுதான் என்று நினைத்திருந்தேன்.

பால் கொடுக்கச் சொன்னார்கள். நான் மாட்டேன் என்றேன். ரத்தத்தில் இருப்பது பாலிலும் இருக்காதா என்று எனக்குப் பயம். அங்கே ஒரு கேரளத்து நர்ஸ் இருந்தாள், சின்னப் பெண். அவள் டாக்டரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து, பாலால் ஒன்றும் ஆகாதாம், தைரியமாகக் கொடுங்கள் என்றாள். அப்போதும் என் கை வரவில்லை. அவளே உன்னைத் தூக்கி, கம்பி, தையல் எதிலும் படாமல், என் மேல் சாய்த்து வைத்தாள். நீ தேடிப் பிடித்துக்கொண்டாய். உனக்கு என்மேல் எந்தச் சந்தேகமும் இல்லை, நித்யா. உலகத்தில் என்னைப் பற்றிச் சந்தேகமே இல்லாத ஒரு ஆள் அன்றைக்கு நீ மட்டும்தான்.

நீ இப்போது கேட்கும் கேள்விக்கு, நீ குழந்தையாக இருந்தபோதே ஒரு பதில் கிடைத்துவிட்டது. பெரியவளான பிறகு உன் உடம்பே அந்த ஆன்டிபாடியை உண்டாக்கியிருக்கிறதா என்பதை மட்டும்தான் இப்போது பார்க்கிறார்கள். நீ தவழத் தொடங்கிய சமயம் உன் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். பிறந்தபோது உன் ரத்தத்தில் இருந்த என் ஆன்டிபாடி இப்போது சுத்தமாக இல்லை என்றார் டாக்டர். அது நீ உண்டாக்கியது இல்லை, என்னிடமிருந்து வந்தது, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போய்விட்டது. தழும்பு மட்டும் போகாது, தழும்பை உண்டாக்கியது போய்விட்டது என்றார். நான் சந்தோஷத்தில் உன்னை அணைத்துக்கொண்டேன். அவர் அதே மூச்சில், நான் கொடுத்த நல்ல எதிர்ப்புச் சக்தியும் இந்நேரம் கரைந்திருக்கும், தட்டம்மை ஊசியைத் தள்ளிப்போடாமல் போட்டுவிடுங்கள் என்றார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது எனக்குச் சந்தோஷமா துக்கமா என்றே தெரியவில்லை. கெட்டது போனதில் சந்தோஷம். நான் கொடுத்தது எதுவுமே இனி உன்னிடம் இல்லையே என்று ஒரு துக்கம். அப்பா ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்து உரித்துக் கொடுத்தார்.

உன் தம்பி வயிற்றில் வந்தபோது, இதைப் பெற்றே ஆக வேண்டுமா என்று எல்லோரும் கேட்டார்கள். மறுபடியும் அப்படி ஆகலாம், ஆகாமலும் போகலாம், ஆகாமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தக் கடைசிப் பாதியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் துணிந்தோம். மறுபடியும் வாரா வாரம் ஸ்கேன். அவன் இதயம் முதல் நாளிலிருந்து கடைசிவரை ஜரூராக ஓடியது. அதே ரத்தம், அதே ஆன்டிபாடி, அதே வயிறு. உனக்கு ஏன், அவனுக்கு ஏன் இல்லை என்று கேட்டேன். அது எங்களுக்கும் தெரியவில்லை அம்மா என்றார் டாக்டர். பெரிய படிப்புப் படித்தவர் தெரியவில்லை என்று சொன்னதில் எனக்கு ஒரு நிம்மதி கிடைத்தது. தெரியாத ஒன்றுக்கு நான் எத்தனை நாள்தான் என்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருப்பேன்?

ஆனால் உன் விஷயத்தில் என் பயம் தெளிய நெடுநாள் ஆயிற்று. ஓடாதே, குதிக்காதே, பந்து பட்டுவிடும், யாராவது இடித்துவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் த்ரோபால் டீமில் நீ சேர்ந்ததை எனக்குச் சொல்லாமல் மறைத்ததும், உன் டீச்சரே வழியில் என்னைப் பார்த்து உங்கள் மகள் நன்றாக ஆடுகிறாள் என்று சொன்னதும், நான் வீட்டுக்கு வந்து ஆடிய ஆட்டமும் உனக்கு ஞாபகம் இருக்கும். மறுநாளே உன்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய், இவளைக் கண்டித்துச் சொல்லுங்கள் என்று டாக்டரிடம் முறையிட்டேன். அவர் பெட்டி இருக்கும் இடத்தில் அடிபடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, உன்னைப் பார்த்து, எந்தப் பொசிஷனில் ஆடுகிறாய் என்று கேட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ என்னிடம் பேசவில்லை. இறங்கும்போது என் பையை நீ வாங்கித் தூக்கிக்கொண்டாய். உன்னைக் கண்ணாடி மாதிரி வைத்துக்கொள்ளப் பார்த்தேன். நீ கண்ணாடி இல்லை என்பதை அந்த வயதிலேயே தெரிந்துவைத்திருந்தாய். உன் பிள்ளை விஷயத்தில் நீ என்னைவிடச் சீக்கிரம் தெரிந்துகொள்.

என் உடம்புக்கு அந்த ஆன்டிபாடி பல வருஷம் கழித்துத்தான் வேலை காட்டியது. கண்ணில் மண் விழுந்ததுபோல உறுத்தல், வாயில் எச்சில் ஊறாமல் சப்பாத்தி விழுங்க முடியாத உலர்ச்சி. ஊசியில் நூல் கோக்க நீயோ தம்பியோ வர வேண்டியிருந்தது அதனால்தான். மருந்து போட்டுக்கொள்கிறேன், ஓடுகிறது. உனக்கு வந்து முப்பது வருஷத்துக்குப் பக்கத்தில் ஆகப்போகிறது, எனக்கு அதற்கு எத்தனையோ வருஷம் பிறகுதான் வந்தது என்று நினைக்கும்போது, நியாயமாக முதலில் எனக்கு வந்திருக்கலாம் என்று தோன்றும்.

இவ்வளவையும் எழுதி வைத்துவிட்டு இரண்டு நாள் தொடவில்லை. இன்று காலை நீ அழைத்தாய். "இல்லையாம் மா. எனக்கு அது இல்லையாம்" என்றாய். அப்புறம் இவ்வளவு நாள் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாய். நான் அழவில்லை என்பதைக் கவனித்தாயா? எனக்கே ஆச்சரியம். நீ அழுது முடிக்கும்வரை போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன், அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன் பிள்ளைக்கு என்னால் எதுவும் வராது. உன் இதயத்தை டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள், அது இந்தப் பிரசவத்தைத் தாங்கும் என்று சொல்லிவிட்டார்கள். பயப்படுவதற்கு இனியும் ஆயிரம் விஷயம் வரும். இது ஒன்று முடிந்தது.

கடிதத்தை இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் போனை வைக்கும் முன் நீ, பிரவீனோட அம்மா ஞாயிற்றுக்கிழமை வந்து தங்கப்போறாங்க, இப்பவே ஓயாம போன் பண்ணி என்ன சாப்பிட்டே, ஸ்கேன்ல என்ன சொன்னாங்கன்னு கேக்கறாங்க, எரிச்சலா வருது என்றாய். அதனால் இன்னொன்றையும் எழுத வேண்டியிருக்கிறது.

உன்னைப் பெண் கேட்டு மண்டியாவிலிருந்து அவர்கள் முதல்முதலாக நம் வீட்டுக்கு வந்த அன்றைக்கு, உன் மாமியார் ஜயம்மா ஜாதகம் கேட்கவில்லை. உன் பிளட் குரூப் என்ன என்று கேட்டார். நாம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பேஸ்மேக்கர் விஷயத்தைப் பிரவீனிடம் நீ பழகிய புதிதிலேயே சொல்லிவிட்டாய், அவன் வீட்டிலும் சொல்லிவிட்டான். ஆகவே இந்த அம்மா உன் உடம்பை அலசிப் பார்க்க வந்திருக்கிறார் என்று எனக்குச் சுருக்கென்றது. நீ பாசிட்டிவ் என்று சொன்னதும் அவர் எழுந்து, காபி போட உதவுகிறேன் என்று என்னோடு சமையலறைக்கு வந்துவிட்டார். கதவை ஒருக்களித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "மக்களிகூ பருத்தா இது?" குழந்தைகளுக்கும் வருமா இது.

கேட்க வேண்டிய கேள்விதான். கல்யாணம் நிற்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டே எனக்குத் தெரிந்த கன்னடத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். இது பரம்பரையாக வந்தது இல்லை, என் ரத்தம் செய்தது, அவளிடம் இப்போது அந்த ரத்தம் இல்லை, என் மகளை நிராகரிப்பதாக இருந்தால் என் பேரைச் சொல்லி நிராகரியுங்கள், அவள் இதயத்தின் பேரைச் சொல்லாதீர்கள் என்றேன். அவர் காபித்தூள் டப்பாவைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். "உங்களுக்கும் ரத்தந்தானா?" என்று கேட்டார். அந்த 'உங்களுக்கும்' எனக்கு முதலில் புரியவில்லை.

ஜயம்மாவுக்கு நெகட்டிவ் குரூப், அவர் கணவருக்குப் பாசிட்டிவ். முதல் பிள்ளை மஞ்சுளா நல்லபடியாகப் பிறந்தாள். அந்தப் பிரசவத்தில் அவளுடைய பாசிட்டிவ் ரத்தம் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலந்திருக்கிறது. ஜயம்மாவின் உடம்பு அதை வேற்று ரத்தம் என்று கண்டு, எதிர்ப்பை உண்டாக்கித் தயாராக வைத்துக்கொண்டது. பிரசவமானதும் ஒரு ஊசி போட்டிருந்தால் அது நடந்திருக்காது. போட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்த பிள்ளை வயிற்றிலேயே வீங்கி, இறந்து பிறந்தது. அதற்கடுத்தது உயிரோடு பிறந்து, உடம்பெல்லாம் மஞ்சளாகி, சில நாளில் போய்விட்டது. இவள் கைபட்டால் பிள்ளை தங்காது என்று ஊரில் பேசினார்கள். சீமந்தங்களுக்கு அழைப்பதை நிறுத்தினார்கள். மைசூரில் ஒரு டாக்டர் குரூப்பைப் பார்த்துவிட்டுக் காரணத்தைச் சொன்ன பிறகுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது. பிரவீன் பிழைத்ததற்குக் காரணம், அவனும் அம்மாவைப்போல நெகட்டிவாக அமைந்ததுதான். அவர் ரத்தம் அவனை அடையாளம் கண்டுகொண்டது, விட்டுவிட்டது. பிரவீன் நெகட்டிவ் என்பதால் அவனுக்கு எந்தப் பெண் வந்தாலும் அந்தத் தொல்லை இருக்காது என்று அந்த டாக்டர் அப்போதே சொல்லியிருக்கிறார். தெரியும், ஆனாலும் ஒரு பெண்ணைப் பார்த்ததும் குரூப்பைக் கேட்காமல் இருக்க முடியவில்லை என்றார் ஜயம்மா.

அந்தச் சின்னச் சமையலறையில், காபி போட மறந்து, நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம். உன் பாட்டி வீட்டிலோ, என் தங்கைகளிடமோ, உன் அப்பாவிடமோகூட நான் சொல்ல முடியாத ஒன்று இருந்தது. பிள்ளை மேல் அவ்வளவு ஆசையோடு இருக்கும்போதே நம் உடம்பு நமக்குத் தெரியாமல் அதற்கு எதிராக வேலை செய்துகொண்டிருந்தது என்பதைத் தெரிந்துகொண்டு வாழ்வது எப்படி இருக்கும் என்பதுதான் அது. முதல்முதல் பார்த்த அந்த அம்மாவுக்கு அதை நான் சொல்லவே தேவை இருக்கவில்லை. அவர் என் கையைப் பிடித்தார். "உங்க மகள் இருக்கிறாளே" என்று மட்டும் சொன்னார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெளியே போய், எங்களுக்குப் பெண் பிடித்திருக்கிறது என்று தன் கணவரைக்கூடக் கேட்காமல் சொல்லிவிட்டார். நீ அன்றைக்கு, சட்டென்று முடிவெடுக்கிற அதிகாரமான மாமியார் போலிருக்கிறது என்று என் காதில் சொன்னாய்.

அவர் போன் செய்து என்ன சாப்பிட்டாய் என்று கேட்கும்போது சாப்பாட்டைப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்பது உனக்குப் புரிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். இன்று காலை உன் ரிசல்ட்டை நான்தான் அவருக்குச் சொன்னேன். உடனே, தேங்காய் உடைத்துவிட்டு வருகிறேன் என்று வைத்துவிட்டார். பிரவீனுக்குத் தனக்கு முன்னால் இரண்டு பேர் தங்காமல் போனார்கள் என்பது தெரியும். ஆனால் அந்த வீட்டில் யாரும் அதைப் பேசுவது கிடையாது. உன்னிடம் இதைச் சொல்லட்டுமா என்று ஜயம்மாவைக் கல்யாணத்துக்கு முன்பே கேட்டேன். நித்யாவுக்கு நாள் தள்ளிப்போன பிறகு சொல்லுங்கள், அதற்கு முன்னால் சொல்லி அவளைப் பயமுறுத்த வேண்டாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து இறங்கியதும் ஊர்க் காய்கறி, வெல்லம் என்று உன் சமையலறையை நிரப்புவார். இதைத் தின்னு, அதைத் தின்னாதே என்பார். கொஞ்சம் பொறுத்துக்கொள். பிரவீன் ஆபீஸ் போன பிறகு, நீங்கள் இரண்டு பேரும் தனியாக இருக்கும் ஒரு பகலில், அவரை உன் பக்கத்தில் உட்காரச் சொல். அந்த இரண்டு குழந்தைகளுக்கும் அவர் தன் மனதுக்குள் பேர் வைத்திருக்கிறார். கணவருக்குக்கூடத் தெரியாது. என்னிடம் அன்றைக்குச் சொன்னார். அந்தப் பேர்களை நான் இங்கே எழுதமாட்டேன், அவர் வாயால் கேட்க வேண்டியவை அவை. இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் கேட்டதில்லை.

நீ கேள், நித்யா.

அம்மா